எக்ஸிக்யூட்டிவ் இல்லை சார், எக்ஸிக்யூட்டர்!

2010-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேற்கு மாம்பலம் வீட்டில் பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உன்னை எக்ஸிக்யூட்டரா போட்டிருக்கேன்டா" என்றார்.

என் காதில் விழுந்தது 'எக்ஸிக்யூட்டிவ்'. ஆபீஸில் பதினொரு வருஷமாக அஸிஸ்டென்ட்டாகவே குப்பை கொட்டிக்கொண்டிருப்பவனுக்கு அப்படித்தான் விழும். பெரியப்பாவின் வாக்கிங் நண்பர் யாரோ ஒரு கம்பெனி முதலாளி போலிருக்கிறது, சிபாரிசு முடிந்துவிட்டது என்று நினைத்து, ஒரே விநாடியில் ஏ.ஸி. அறை, சுழல் நாற்காலி வரைக்கும் போய்விட்டேன்.

"சம்பளம் எவ்வளவு பெரியப்பா?"

"சம்பளமா? நான் செத்தப்புறம் செய்யற வேலைடா அது. உயில் எழுதியிருக்கேன். அதுல இருக்கறபடி எல்லாத்தையும் முடிச்சு வைக்க ஒரு ஆள் வேணுமில்ல? அதுக்குப் பேருதான் எக்ஸிக்யூட்டர்."

சுழல் நாற்காலி சுழன்று கீழே விழுந்தது.

"அண்ணன் இருக்கான், அக்கா இருக்கா... என்னை எதுக்கு?"

"பையனைப் போட்டா பொண்ணு சண்டைக்கு வருவா. பொண்ணைப் போட்டா பையன் பேச்சையே நிறுத்திடுவான். உன்னைப் போட்டா ரெண்டு பேரும் சேர்ந்து உன்கூட சண்டை போடுவாங்க. அவங்களுக்குள்ள போடாம இருப்பாங்க, பாரு."

மனுஷர் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவர். எதற்கும் ஒரு நோட்டிங் வைத்திருப்பார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. 'எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம்' என்று பின்னால் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தும் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் என் மேல் உங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும்.

2012 ஏப்ரலில் பாத்ரூமில் வழுக்கி விழுந்த பெரியப்பா எழுந்திருக்கவே இல்லை. ஜூலை 1-ம் தேதி போய்விட்டார்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உயிலைப் பிரித்தோம். வீடு பையனுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி. வங்கி டெபாசிட்டும் அப்படியே. பெரியம்மா நகை அக்காவுக்கு. எனக்கு அவருடைய சாவி கொடுக்கிற ஹெச்.எம்.டி. கைக்கடிகாரம். கடைசியில் என் பெயர், அப்பா பெயர், விலாசம் எல்லாம் போட்டு, 'இவரே என் உயிலின் நிறைவேற்றுநர்.'

"அப்ப வீடு இவன் கைக்கா போகுது?" என்றார் ஒரு மாமா, பாயசத்தை நிறுத்தி.

இங்கேதான் பாதிப் பேருக்குக் குழப்பம். வக்கீலிடம் போனதும் முதல் பாடமே இதுதான். 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் சொத்து எக்ஸிக்யூட்டர் கைக்கு வருவது உண்மை. ஆனால் அவர் அனுபவிப்பதற்காக அல்ல, உரியவர்களிடம் சேர்ப்பதற்காக. கல்யாண மண்டபத்தில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அலைவாரே ஒரு சித்தப்பா, அவர் மாதிரி. ஸ்டோர் ரூம் அவர் பொறுப்பு. லட்டு அவருடையதில்லை.

"கைக்கடிகாரத்தை இப்பவே எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

வக்கீல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எக்ஸிக்யூட்டருக்குன்னு உயில்ல ஏதாவது எழுதியிருந்தா, வேலையைச் செஞ்சாத்தான் அது. மத்தவங்களுக்கும் அவசரப்பட்டு எதையும் தூக்கிக் குடுத்துடாதீங்க. இறந்த நாள்லேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும் உயில்ல இருக்கறதைக் குடுக்கணும்னு உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. முதல்ல கடன். அப்புறம்தான் பங்கு. முன்னாடியே பிரிச்சுக் குடுத்துட்டு, அப்புறம் கடன்காரன் வந்து நின்னா, குடுத்ததைத் திரும்பக் கேக்க வேண்டியிருக்கும். அக்கா கழுத்துலேர்ந்து சங்கிலியைக் கழட்டித் தாங்கன்னு கேப்பீங்களா?"

எங்கள் அக்காவிடமா? ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

வேலை ஆரம்பமானது. ஆபீஸில் கேஷுவல் லீவ் கரைய ஆரம்பித்தது. இறப்புச் சான்றிதழில் பத்து நகல் வாங்கினேன். பத்தும் போதவில்லை. வங்கி, கேஸ், மின்சார வாரியம், வீட்டு வரி, டெலிபோன் என்று எல்லா இடத்திலும் பெரியப்பா செத்துப்போனதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

அடுத்து சாட்சி. உயில் செல்ல இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வேண்டும். கோர்ட்டுக்குப் போனால் அவர்களில் ஒருவராவது, 'என் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார்' என்று பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். ஒரு சாட்சி மகனோடு அமெரிக்கா போய்விட்டார். இன்னொருவரை நங்கநல்லூரில் தேடிப் பிடித்தேன். எண்பத்திரண்டு வயசு. ஞாபகம் பிரமாதம். ஆனால் 1958-லிருந்துதான் ஆரம்பிப்பார். அன்றைக்கு 2010 வருவதற்குள் மூன்று காபி ஆயிற்று. இளைஞர்களே, உயிலுக்கு சாட்சி போடுகிறவர் எழுதுகிறவரைவிட வயசில் சின்னவராக இருப்பது எவ்வளவு உத்தமம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கோர்ட் எதற்கு என்கிறீர்களா? ப்ரொபேட் வாங்க. உயில் மெய்யானதுதான் என்று கோர்ட் முத்திரை போட்டு, உயிலின் நகலையும் இணைத்துக் கொடுக்கும் உத்தரவு. அப்போதெல்லாம் சென்னை நகரத்துக்குள் எழுதிய உயிலுக்கும், நகரத்துக்குள் இருக்கும் வீடு வாசல் பற்றிய உயிலுக்கும் ஹைகோர்ட்டில் அது கட்டாயம். பம்பாய், கல்கத்தாவிலும் அப்படியே. பெரியப்பா தாம்பரத்தில் வீடு கட்டி, அங்கேயே உட்கார்ந்து உயிலும் எழுதியிருந்தால் எனக்கு அந்தக் கட்டாயம் இருந்திருக்காது. அந்த 213-வது பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. நான் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் செருப்புத் தேய்த்து முடித்து எத்தனையோ வருஷம் கழித்து! சரி, உயில் மேல் சண்டை வந்தால் அது மெய்யானதென்று நிரூபிக்கும் வேலை இன்றைக்கும் இருக்கத்தான் இருக்கிறது.

சண்டைக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? பெரியப்பா சொன்னது போலவே இரண்டு பேரும் என்னோடுதான் போட்டார்கள்.

முதலில் அக்கா. டெபாசிட்டுக்கு அக்காதான் நாமினி. "நாமினின்னா எனக்குத்தானே? உயில் கியில் எல்லாம் வீட்டுக்குத்தான்" என்றாள். வங்கி டெபாசிட்டில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் சொந்தக்காரராகிவிட மாட்டார் என்று 2010-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. (கம்பெனிப் பங்குகளுக்கும் அதேதான் என்று 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது.) இதை நான் விளக்கியதும் அக்கா ஒரு மாசம் என் போனை எடுக்கவில்லை.

அடுத்து அண்ணன். பெரியப்பா இறந்ததை நான் வங்கியில் தெரிவிக்க ஒரு மாசம் தாமதம் செய்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். ஜூலைக் கடைசியில் முழு மாசப் பென்ஷன் வந்து விழுந்துவிட்டது. அண்ணன் அதை ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டார்.

"அப்பாவோட ரகசிய நம்பர் எனக்குத் தெரியும்டா."

"அண்ணே, அப்பா ஜூலை 1-ம் தேதியே போயிட்டாரு. பென்ஷன் அன்னியோட சரி. மிச்ச முப்பது நாள் பணம் சர்க்காரோடது. திருப்பிக் கட்டணும்."

"என்னமோ உன் அப்பன் வீட்டுப் பணம் மாதிரி பேசற!"

"என் பெரியப்பன் வீட்டுப் பணம். அதான் பேசறேன்."

அவரும் போனை எடுக்கவில்லை. போன் பில் மிச்சம்.

இதற்கிடையில்தான் அந்தக் காலண்டர்.

சமையலறைச் சுவரில் பெரியப்பாவின் மாதக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பால் பாக்கெட் எத்தனை, சிலிண்டர் வந்த தேதி, பேப்பர்காரருக்குக் கொடுத்தது எல்லாம் அதில்தான் பொடி எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு மாசமும் 5-ம் தேதிக் கட்டத்தில் 'வே' என்று போட்டு ஒரு டிக். வேலைக்கார அம்மா சம்பளம். ஏப்ரல் 5-ம் தேதியோடு டிக் நின்றுபோயிருந்தது.

பெரியப்பா படுத்த படுக்கையான பிறகு அண்ணன் பெங்களூரிலிருந்தும் அக்கா திருச்சியிலிருந்தும் மாற்றி மாற்றி வந்து பார்த்துக்கொண்டார்கள். அக்கா கொடுத்திருப்பாள் என்று அண்ணனும், அண்ணன் கொடுத்திருப்பான் என்று அக்காவும் நினைத்துவிட்டார்கள். மாசம் 1,200 ரூபாய். ஏப்ரல், மே, ஜூன். 3,600. அந்த அம்மா மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்து, பெரியப்பாவுக்கு உடம்பு துடைத்து, கஞ்சி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஏம்மா, கேக்கவே இல்லையே?"

"ஐயா கண்ணைத் தெறக்காம கெடக்காரு. அவருகிட்ட போய் எப்படிக் கேக்கறது? அப்புறம் சாவு வீடாப் போச்சு. சாவு வீட்ல காசு கேப்பாங்களா தம்பி?"

வக்கீலிடம் சொன்னேன். அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். இறந்தவரின் பணத்திலிருந்து எதை எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்று 1925-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் அவர் தகுதிக்கேற்ற ஈமச்சடங்குச் செலவு, கடைசிக் கால வைத்தியச் செலவு. அடுத்து ப்ரொபேட் வாங்குகிற செலவு. அதற்கு அடுத்தபடியாக, இறப்பதற்கு முந்தைய மூன்று மாசத்தில் அவருக்கு வேலை செய்த கூலியாள், கைவினைஞர், வீட்டு வேலைக்காரர் ஆகியோரின் சம்பளம். மற்ற கடன்காரர்களெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

சட்டப் புத்தகத்தைப் படித்து எனக்குக் கண் கலங்கியது அதுதான் முதலும் கடைசியும்.

அண்ணனுக்கு வேறு நம்பரிலிருந்து போன் போட்டேன்.

"3,600-ஆ? அவளே கேக்கலையேடா. விட்டுத் தள்ளு."

விடுவேனா? பிரிவு 322 என்று ஆரம்பித்து, தர்மம், நியாயம், பெரியப்பாவின் ஆத்மா என்று கால் மணி நேரம் பொழிந்து தள்ளினேன். போனை வைத்தபோது எனக்கே என் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. மறுநாளே என் கைப்பணத்தைக் கொடுத்து, ரசீதில் அந்த அம்மாவின் கையெழுத்தை வாங்கி ஃபைலில் போட்டேன்.

அந்த மரியாதை மூன்று நாள் நீடித்தது.

கோர்ட் மனுவோடு பெரியப்பாவின் சொத்து விவரமெல்லாம் பட்டியலாகத் தர வேண்டும். வீடு, நகை, டெபாசிட் மட்டுமல்ல, அவருக்கு மற்றவர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கியும் அதில் அடக்கம். அதற்காகப் பெரியப்பாவின் நீல அட்டை நோட்டைப் புரட்டினேன். யாருக்கு என்ன கொடுத்தார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். எல்லாம் வரவாகி அடிக்கப்பட்டிருந்தன, ஒன்றைத் தவிர.

'2009 டிசம்பர். தம்பி மகன். கல்யாணக் கைமாற்று. ரூ.40,000.'

நான்தான்.

முன்னால் 'பிறகு சொல்கிறேன்' என்றேனே, அந்தக் காரணம் இதுதான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் மண்டபத்துக்குக் கட்டப் பணம் குறைந்தது. யாருக்கும் தெரியாமல் கொடுத்தார். என் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானும் தீபாவளி போனஸ் வரட்டும், அரியர்ஸ் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவர் போய்விட்டார்.

நோட்டு என் பையில் இருந்தது. எக்ஸிக்யூட்டர் என்ற முறையில் அதைப் பார்க்கிற அதிகாரம் எனக்கு. ஒரே ஒரு பக்கம். கிழித்தால் சத்தம்கூடக் கேட்காது.

ராத்திரி மனைவியிடம் சொன்னேன். அவளுக்கும் அது புதுச் செய்திதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவரே கேக்கலையேங்க" என்றாள்.

அண்ணன் சொன்ன அதே வார்த்தை. கால் மணி நேரம் பொழிந்த வாய்க்கு இப்போது ஒரு நிமிஷம்கூடப் பேச முடியவில்லை.

மறுநாள் வக்கீலிடம், "சார், என் ஃப்ரெண்டு ஒருத்தன் எக்ஸிக்யூட்டர்..." என்று ஆரம்பித்தேன். அவர் முப்பது வருஷமாக இப்படிப்பட்ட ஃப்ரெண்டுகளைப் பார்த்தவர். சிரிக்காமல் பதில் சொன்னார்.

"கைமாற்றுக்குக் கெடு மூணு வருஷம். 2009 டிசம்பர்னா வர்ற டிசம்பரோட காலாவதி. உங்க ஃப்ரெண்டு சும்மா உக்காந்திருந்தாலே போதும்னு நினைப்பாரு. ஆனா எக்ஸிக்யூட்டர் வசூல் பண்ணாம விட்டு, அதனால கடன் காலாவதியாப் போச்சுன்னா, அந்தப் பணத்தை அவர் கைக்காசுலேர்ந்து கட்டணும். சட்டத்துலயே உதாரணமாப் போட்டிருக்கு."

"கடன் வாங்கினவனே எக்ஸிக்யூட்டரா இருந்தா சார்? தன் மேலயே எப்படிக் கேஸ் போடறது?"

"நல்ல கேள்வி. பழைய இங்கிலீஷ் சட்டத்துல இதே காரணத்தைச் சொல்லி, கடன்காரனையே எக்ஸிக்யூட்டராப் போட்டா கடன் தீர்ந்ததுன்னு வச்சிருந்தாங்க. அப்புறம் அங்கயே இன்னொரு வகைக் கோர்ட்டு, 'அதெல்லாம் இல்லை, அந்தப் பணம் ஏற்கெனவே உன் கைக்கு வந்தாச்சுன்னு வச்சுக்கோ, கணக்குக் காட்டு'ன்னு சொல்லிடுச்சு. தன் மேல கேஸ் போட வேண்டாம் சார். பட்டியல்ல ஒரு வரி எழுதினாப் போதும்."

அந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. டெபாசிட்டுக்குக் கீழே, ஃபர்னிச்சருக்கு மேலே எழுதினேன். ஆபீஸ் கூட்டுறவு சொசைட்டியில் லோன் போட்டு, எக்ஸிக்யூட்டர் என்ற முறையில் திறந்த தனிக் கணக்கில் 40,000 கட்டினேன். இன்னொரு விஷயம்: எஸ்டேட் பணத்துக்குத் தனிக் கணக்கு அவசியம் வையுங்கள். நம் சம்பளத்தோடு கலந்துவிட்டால் பாலில் கலந்த தண்ணீர் மாதிரி. பிரிக்கவும் முடியாது, நம்பவும் மாட்டார்கள். ஆட்டோ செலவுக்குக்கூட எழுதி வையுங்கள்.

ப்ரொபேட் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அது வந்த நாளிலிருந்து ஆறு மாசத்துக்குள் முழுச் சொத்துப் பட்டியல், ஒரு வருஷத்துக்குள் வரவு செலவுக் கணக்கு கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். பெரியப்பாவின் கடைசி வருஷத்துக்கு இன்கம் டாக்ஸ் ரிட்டர்னும் நானே போட்டேன். செத்தாலும் விடாத இலாகா அது ஒன்றுதான்.

2014-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் அக்காவையும் அதே கூடத்தில் உட்கார வைத்துக் கணக்கை நீட்டினேன். அண்ணனின் பென்ஷன் பாக்கி அதில் இருந்தது. அக்காவின் நாமினிப் பணம் இருந்தது. 'வீட்டு வேலை சம்பளம் 3,600' இருந்தது. அக்கா விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றாள்.

"எக்ஸிக்யூட்டரிடமிருந்து வரவு, கைமாற்று 40,000. இது என்னடா?"

"என் கல்யாணத்துக்குப் பெரியப்பா குடுத்தது."

"எங்களுக்குத் தெரியவே தெரியாதே."

"தெரியாது."

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும். அண்ணன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மிச்சப் பக்கங்களைப் படிக்காமலே நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். அக்கா உள்ளே போய், ஏற்கெனவே காபி குடித்திருந்த எனக்கு இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள்.

பெரியப்பா என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சண்டை கணக்குக்காகவா, கடன் கணக்குக்காகவா, கேட்க ஆளில்லை. ஹெச்.எம்.டி. கடிகாரம் மட்டும் என் கையில் ஓடுகிறது. ஒரு நாள் சாவி கொடுக்க மறந்தால் நின்றுவிடுகிறது.

போன மாசம் பெங்களூரிலிருந்து அண்ணன் போன் பண்ணினார்.

"டேய், நானும் உயில் எழுதிட்டேன். உன்னைத்தான் எக்ஸிக்யூட்டரா போட்டிருக்கேன்."

இந்த முறை காதில் சரியாகவே விழுந்தது.

"சரிண்ணே. உங்ககிட்ட நான் கைமாற்று ஏதாவது வாங்கியிருக்கேனா? அதை முதல்ல பாத்துச் சொல்லுங்க."